கட்ட முடியாமல் நின்ற கடன்கள்: செட்டில்மென்ட்டுக்குச் சம்மதிக்கும் முன்

பெங்களூருவில் வேலை போனபோது என் பெயரில் நான்கு கடன்கள் இருந்தன. வங்கியில் ஒரு பர்சனல் லோன், அசல் பாக்கி 4,10,000 ரூபாய், தவணை 14,000. பைனான்ஸ் கம்பெனியில் இன்னொன்று, பாக்கி 1,60,000, தவணை 7,200. கிரெடிட் கார்டில் 1,85,000. போன் ஆப்பில் வாங்கியது 22,000. ஆக மொத்தம் 7,77,000. நகையோ வீடோ ஈடு வைக்காத கடன்கள் எல்லாம். சேலத்தில் இருக்கும் அம்மாவிடமும் சொல்லவில்லை, ஓசூரில் இருக்கும் தம்பியிடமும் சொல்லவில்லை. போன் அடித்தாலே வயிறு கலங்கிய அந்த நாட்களில், அடுத்து என்ன நடக்கும், அதற்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்ல ஒரு ஆள் தேவைப்பட்டது. அப்படி யாரும் இல்லை. இப்போது அந்த நிலையில் இருப்பவருக்காக, நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். செட்டில்மென்ட், அதாவது கேட்கும் பாக்கியைவிடக் குறைந்த தொகையைக் கட்டிக் கணக்கை முடிப்பது, அந்த வரிசையில் பின்னால்தான் வரும்.

முதல் தவணை தவறுவதற்கு முன்பே ஒரு வேலை இருக்கிறது. கையில் மிஞ்சிய பணம் யாருக்குப் போக வேண்டும் என்பதை நீங்கள் தீர்மானிக்க வேண்டும். விட்டால், அதிகமாகக் கத்துகிறவன் தீர்மானித்துவிடுவான். வாடகை, சாப்பாடு, பிள்ளைகள் ஃபீஸ், மருந்து முதலில். அடுத்து ஈடு வைத்த கடன்கள்: வீட்டுக் கடன் தவறினால் வங்கி நீதிமன்றம் போகாமலே சர்ஃபாசி சட்டத்தில் வீட்டை எடுக்கலாம், அடகு நகை ஏலத்துக்குப் போகும். பிறகு, வேறொருவர் ஜாமீன் போட்ட கடன், ஏனென்றால் உங்கள் தவறு அவர் சிபிலையும், அதாவது கடன் வரலாற்றுப் பதிவையும், சேர்த்துக் கெடுக்கும். பர்சனல் லோனும் கார்டும் கடைசி. வசூல் ஏஜென்ட்டின் கூச்சல் இந்த வரிசைக்கு நேர் தலைகீழாக இருக்கும். கார்டுக் கடனை அடைக்க மனைவியின் நகையை அடகு வைப்பதும், பிஎஃப் பணத்தை எடுப்பதும் வேண்டாம் என்பேன். பிஎஃப் கணக்கில் இருக்கும் பணத்தை எந்த நீதிமன்றமும் ஜப்தி செய்ய முடியாது. சட்டமே பாதுகாக்கும் பணத்தை நாமே எடுத்து ஈடில்லாத கடனில் போடுவானேன்?

முதலில் சத்தமில்லாமல் கரைவது பவுன்ஸ் கட்டணம். தவணைத் தேதியில் பணம் இல்லையென்றால் கடன் கொடுத்தவர் அந்த மாதத்திலேயே மீண்டும் மீண்டும் நாச் (கணக்கிலிருந்து தானாகத் தவணை எடுக்கும் ஏற்பாடு) போடுவார். ஒவ்வொரு முறையும் உங்கள் வங்கி ஒரு கட்டணமும் 18 சதவீத ஜிஎஸ்டியும் எடுக்கும், கடன் கொடுத்தவர் தனியாக ஒரு பவுன்ஸ் கட்டணம் சேர்ப்பார். 500 ரூபாய் கட்டணம் என்றால் ஜிஎஸ்டியோடு 590. மாதம் மூன்று முறை திரும்பினால் உங்கள் வங்கிக்கு மட்டும் 1,770. கணக்கில் பணம் இல்லாவிட்டாலும் மைனஸில் எழுதி வைத்து, யாராவது ஆயிரம் ரூபாய் அனுப்பியதும் பிடித்துக்கொள்வார்கள். எனக்கு இந்த வகையில் மட்டும் 16,000 ரூபாய்க்கு மேல் போனது. ஒரு ரூபாய் கடனும் குறையவில்லை.

தவணை கட்ட முடியாது என்று உறுதியாகத் தெரிந்தால், கடன் கொடுத்தவருக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு, உங்கள் வங்கிக் கிளையில் நாச் மேன்டேட்டை ரத்து செய்யச் சொல்லி எழுதிக் கொடுங்கள். இதனால் கடன் பொறுப்பு குறையாது, சட்ட நடவடிக்கையும் நிற்காது, கட்டணம் கரைவது மட்டும்தான் நிற்கும். இன்னொன்று இதைவிட முக்கியம்: கடன் வாங்கிய வங்கியிலேயே சம்பளக் கணக்கு இருந்தால், நிலுவைக்காக அந்தக் கணக்கில் உள்ள பணத்தை வங்கி எடுத்துக்கொள்ள வழி உண்டு. கார்டு, லோன், சேமிப்புக் கணக்கு மூன்றும் ஒரே வங்கியில் வைத்திருப்பவர்கள் சம்பளம் வந்த அன்று மாலை கணக்கு காலியாகக் கிடப்பதைப் பார்த்திருக்கிறார்கள். கடன் தொடர்பே இல்லாத வங்கியில் ஒரு கணக்குத் தொடங்கி, சம்பளத்தை அங்கே மாற்றச் சொல்லி ஹெச்ஆரிடம் எழுதிக் கொடுங்கள்.

தவணை தவறிய நாளிலிருந்து 90 நாள் தாண்டினால் கணக்கு என்பிஏ, அதாவது வாராக்கடன். இந்த 90 நாளைத்தான் பெரும்பாலோர் போனை எடுக்காமல் கழிக்கிறோம். ஆனால் பேச்சுவார்த்தைக்கு உங்கள் கை ஓங்கியிருக்கும் காலம் அதுதான். தவணைக் காலத்தை நீட்டிக் கேட்பது, சில மாதம் வட்டி மட்டும் கட்டுவது, கார்டு பாக்கியைத் தவணைக் கடனாக மாற்றுவது, இதெல்லாம் கணக்கு கெடுவதற்கு முன் எளிது, பின்னால் கடினம். வாயால் கேட்காதீர்கள். வேலை நீக்கக் கடிதம், மருத்துவமனை பில், வங்கி ஸ்டேட்மென்ட் மூன்றையும் இணைத்து மெயில் அனுப்புங்கள். "மாதம் இவ்வளவு முடியும், இந்தத் தேதியிலிருந்து முடியும்" என்று ஒரு தொகையைச் சொல்லுங்கள். மறுத்தால்கூட அந்த மெயில் பின்னால் ஆர்பிஐயின் குறைதீர்ப்பாளரான ஓம்பட்ஸ்மேனிடமும் நீதிமன்றத்திலும் உங்களுக்காகப் பேசும்.

இந்தக் கட்டத்தில் ஏஜென்ட் கேட்பது இப்படித்தான் இருக்கும்: "சார், இன்னைக்கு ஒரு மூணாயிரமாவது போட்டு விடுங்க, ஃபைலை நான் பார்த்துக்கறேன்." 14,000 ரூபாய் தவணையில் 3,000 கட்டுவதால் தவணை தீராது, நாள் கணக்கு நிற்காது. பெரும்பாலும் அது கட்டணத்துக்கும் வட்டிக்கும்தான் போகும். என்பிஏ ஆன கணக்கு மறுபடி நல்ல கணக்காக வேண்டுமென்றால், வட்டியும் அசலுமாக நிலுவை முழுவதையும் கட்டியாக வேண்டும். 2021 நவம்பரில் ஆர்பிஐ இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே, முழு நிலுவையைத் தீர்க்காத சில்லறைப் பணம் யாருக்கும் கொடுக்காமல், அதைத் தனியாகச் சேர்த்து வையுங்கள். பின்னால் செட்டில்மென்ட்டுக்கோ நிலுவை தீர்க்கவோ உதவப் போவது அந்தப் பணம்தான்.

அபராதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 ஏப்ரலிலிருந்து வந்த விதிப்படி, தவணைக் கடனில் தாமதத்துக்கு அபராத வட்டி போடக் கூடாது, அபராதக் கட்டணம் மட்டும்தான். அந்தக் கட்டணத்தை அசலில் சேர்த்து அதற்கு மேல் வட்டி போடவும் கூடாது. கணக்கு விவரத்தைக் கேட்டு வாங்கி வரி வரியாகப் பாருங்கள். இந்த விதி கிரெடிட் கார்டுக்குப் பொருந்தாது, கார்டு கணக்கு வேறு மாதிரி வளரும். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஏஜென்ட்கள் கன்னடத்தில் ஆரம்பிப்பார்கள், பெயரைப் பார்த்ததும் தமிழுக்கு மாறுவார்கள். தமிழில் திட்டு வாங்குவது இன்னும் ஆழமாக இறங்கும். ஆதாரில் ஊர் முகவரி இருப்பதால், "ஊர்ல உங்க அம்மா வீட்டு வாசல்ல ஆள் வந்து நிக்கும்" என்பார்கள். என்னை அதிகம் உடைத்தது அந்த ஒரு வாக்கியம். அன்றிரவு தம்பியிடம் சொல்லிவிட்டேன். வீட்டாரிடம் நாமே முதலில் சொல்லிவிட்டால் ஏஜென்ட்டின் பெரிய ஆயுதம் அங்கேயே மழுங்கிவிடுகிறது. ஜாமீன் கையெழுத்தோ கூட்டுக் கடன் கையெழுத்தோ போடாத அம்மா, அப்பா, மனைவி, தம்பி யாருக்கும் இந்தக் கடனில் ஒரு பைசா பொறுப்பு இல்லை என்பதையும் அப்போதே சொல்லி வையுங்கள். வாசலுக்கு ஆள் வந்தால், "எழுத்துல அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடலாம், பணமோ கையெழுத்தோ கொடுக்க வேண்டாம் என்று அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தோம்.

விதிகள் இவை. 2022 ஆகஸ்டில் ஆர்பிஐ சொன்னபடி காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காக அழைக்கக் கூடாது. மிரட்டுவது, ஊரறிய அவமானப்படுத்துவது, சொந்தக்காரர்கள், நண்பர்களின் வாழ்க்கையில் நுழைவது எல்லாம் தடை. ஏஜென்ட் நேரில் வந்தால் அடையாள அட்டையும் வங்கி கொடுத்த அங்கீகாரக் கடிதமும் காட்ட வேண்டும். அவர் செய்வதற்கு வங்கியே பொறுப்பு. விதி மீறினால் போனில் சண்டை போடாதீர்கள். அழைப்பைப் பதிவு செய்யுங்கள், எண், தேதி, நேரம், பேசியது நான்கையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு இவற்றை இணைத்து மெயில் போட்டு, புகார் எண் வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தி இல்லையென்றாலோ ஆர்பிஐ ஓம்பட்ஸ்மேனுக்கு இணையத்தில் புகார் செய்யலாம். செலவு கிடையாது, வக்கீல் தேவையில்லை. ஆர்பிஐயின் 14448 என்ற எண்ணில் தமிழிலேயே விவரம் கேட்கலாம், வெளியூரில் இருக்கும் நமக்கு இது பெரிய உதவி. அந்த முதல் புகார் மெயிலுக்குப் பிறகு என் ஆபீஸ் நம்பருக்கு வந்த அழைப்புகள் நின்றன. தேதியும் நேரமும் போட்ட புகாருக்கு இருக்கும் பலம், போனில் அழுவதற்கு இல்லை.

ஆப் கடன் தொகையில் சின்னது, தொல்லையில் பெரியது. முதலில் அந்த ஆப்புக்குப் பின்னால் இருக்கும் வங்கி அல்லது பைனான்ஸ் கம்பெனியின் பெயரைக் கண்டுபிடியுங்கள். கடன் ஒப்பந்தத்தில் இருக்கும், ஆர்பிஐ இணையதளத்தில் சரிபார்க்கலாம். பதிவு பெற்ற கம்பெனியின் ஆப் உங்கள் காண்டாக்ட் லிஸ்டைத் தொடவே கூடாது. பின்னால் யாருமே இல்லாத ஆப், மார்பிங் செய்த படத்தை அனுப்பி மிரட்டினால் அது கடன் வசூல் அல்ல, குற்றம். சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்துச் சொல்லுங்கள், ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள், கொடுத்தால் மறுநாள் இன்னும் கேட்பார்கள். என் ஆப் பதிவு பெற்ற கம்பெனியுடையது. கையில் பணம் வந்ததும் முதலில் அதை 25,400 கட்டி முழுதாக முடித்தேன். சின்னக் கடனை செட்டில்மென்ட் பேசி சில ஆயிரம் மிச்சம் பிடிப்பதில் அர்த்தமில்லை. சிபிலில் 22,000 ரூபாய்க் கடனுக்கு விழும் கறையும் 4 லட்சத்துக்கு விழும் கறையும் பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றுதான்.

அடுத்து நோட்டீஸ்கள். கடன் கட்ட முடியாதது சிவில் விவகாரம், அதற்காக மட்டும் யாரும் கைது செய்ய முடியாது. வாட்ஸ்அப்பில் முத்திரை குத்திய "அரெஸ்ட் வாரன்ட்" வந்தால் ஈ-கோர்ட்ஸ் ஆப்பில் உங்கள் பெயரையோ வழக்கின் 16 இலக்க சிஎன்ஆர் எண்ணையோ போட்டுப் பாருங்கள். உண்மையான வழக்குக்கு அந்த எண் இருக்கும். ஆனால் எல்லா நோட்டீஸும் பொய் என்று நினைத்துக் கிழித்துப் போடுவது இன்னும் ஆபத்து. செக் கொடுத்திருந்து அது திரும்பினால் செலாவணி முறிச் சட்டம் 138-வது பிரிவு. நாச் திரும்பினாலும் 2007-ஆம் வருடத்து பேமென்ட் சட்டத்தின் 25-வது பிரிவு அதே மாதிரி வேலை செய்யும், இது பலருக்குத் தெரியாது. இரண்டிலும் நோட்டீஸ் கையில் கிடைத்த நாளிலிருந்து 15 நாள் அவகாசம், அதற்குள் கட்டாவிட்டால் குற்றவியல் புகார் போடலாம். தண்டனை இரண்டு வருடம் வரை சிறை, அல்லது தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். நடைமுறையில் பணம் கட்டி சமரசத்தில் முடிவதுதான் அதிகம். ஆனால் சம்மன் வந்தும் ஆஜராகாமல் இருந்தால் உண்மையாகவே வாரன்ட் வரும். "லோனுக்காகப் போலீஸ் வந்தது" என்று கேள்விப்படுவதில் கணிசமானவை இப்படி ஆஜராகாமல் விட்ட வழக்குகள்தான்.

ஆர்பிட்ரேஷன், அதாவது நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு நடுவர் தீர்ப்பு சொல்லும் முறை, அதற்கான நோட்டீஸ் வந்தால் பதில் போடாமல் இருக்காதீர்கள். கடன் கொடுத்தவரே தன்னிச்சையாக நடுவரை நியமிப்பதை உச்ச நீதிமன்றம் 2019-இல் ஏற்கவில்லை. "இந்த நியமனத்துக்கு நான் சம்மதிக்கவில்லை" என்று முதல் நோட்டீஸுக்கே எழுத்தில் பதில் அனுப்புங்கள். பேசாமல் இருந்தால் உங்களைக் கேட்காமலே தீர்ப்பு வந்து, அது நீதிமன்றத் தீர்ப்பாணை போல அமலாகும். அதை எதிர்க்க மூன்று மாதம்தான் அவகாசம். லோக் அதாலத் (சமரசத்துக்கான மக்கள் நீதிமன்றம்) அழைப்பு பயப்பட வேண்டியது அல்ல. நீங்கள் சம்மதித்தால் மட்டுமே அங்கே முடிவு, ஆனால் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் அப்பீல் கிடையாது. ஆகவே கட்ட முடிந்த தொகைக்கு மட்டும் போடுங்கள். சுருக்க வழக்கு என்று சிவில் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தால் 10 நாளுக்குள் ஆஜராக வேண்டும். வக்கீலுக்குப் பணம் இல்லாதவர்கள் இலவச சட்ட உதவி எண் 15100-க்கு அழைக்கலாம், அல்லது பெங்களூரு சித்தையா சாலையில் நியாய தேகுலா கட்டடத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணையத்துக்கு நேரில் போகலாம். பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கும் வருமான வரம்பு பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு.

வீடு மாறினால் புது முகவரியை மெயிலில் தெரிவியுங்கள். முருகேஷ்பாளையாவில் காலி செய்த வீட்டுக்குப் போன நோட்டீஸும் உங்களுக்குச் சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்ளப்படலாம். கடைசியாக, கடன் கொடுத்தவர் வழக்கே வென்று உங்கள் சம்பளத்தில் கை வைத்தால்கூட, முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தொட முடியாது. இதைத் தெரிந்துகொண்ட அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

காலக்கெடு பற்றி நிறைய அரைகுறைப் பேச்சு உலவுகிறது. பணம் கேட்டு வழக்குப் போட பொதுவாக 3 வருடம். அந்த 3 வருடம் முடியும் முன் நீங்கள் ஒரு தொகை கட்டினாலோ, கடன் இருக்கிறது என்று கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டாலோ கணக்கு மறுபடி முதலிலிருந்து ஓடும். பழைய கடனுக்கு "அக்கவுன்ட் உயிரோட இருக்க ஒரு 500 போடுங்க" என்று ஏஜென்ட் கேட்பதன் உள்ளே இதுவும் இருக்கிறது. ஆனால் 3 வருடம் ஒளிந்திருந்தால் கடன் காணாமல் போகும் என்று நம்பி உட்காராதீர்கள். வழக்கை அதற்குள் போட்டுவிடுவார்கள், சிபிலில் பதிவு 7 வருடமாவது நிற்கும்.

இனி முக்கியமான கேள்வி: செட்டில் செய்யலாமா? ஏஜென்ட் காட்டும் கணக்கை ஒதுக்கிவிட்டு, அசலை வைத்துக் கணக்குப் போடுங்கள். என் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். மாத வட்டி 3.5 சதவீதம், அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக மாதம் 4.13. 1,85,000 ரூபாய் ஒரு வருடத்தில் இந்த வட்டியிலேயே 3 லட்சம் ஆகிறது, லேட் ஃபீ தனி. முதலில் 2,35,000-க்கு முடிக்கச் சொன்னார்கள், "எழுபதாயிரம் மிச்சம் சார்" என்றார்கள். நான் செலவழித்ததே 1,85,000 என்னும்போது அது மிச்சமல்ல, 50,000 கூடுதல். கடைசியில் ஒரே தவணையில் 1,45,000-க்கு முடிந்தது. உண்மையில் மிஞ்சியது 40,000. அந்த 40,000-த்துக்கு விலையாக, கடனை முழுதாகக் கட்டவில்லை என்று காட்டும் "செட்டில்டு" என்ற வார்த்தை சிபிலில் வந்தது. அப்படியும் கார்டை செட்டில் செய்தது சரி என்றே சொல்வேன். மாதம் 4 சதவீதத்துக்கு மேல் வளரும் கடனைச் சம்பளத்திலிருந்து துரத்திப் பிடிக்கவே முடியாது.

வங்கி பர்சனல் லோன் வேறு. அதற்கும் 3,20,000-க்கு செட்டில்மென்ட் பேசினார்கள். அசலில் 90,000 குறைவு, ஆசையாக இருந்தது. ஆனால் அந்த 3,20,000 கையில் இல்லை, மூணு வட்டிக்குத்தான் வாங்க வேண்டும். மாதம் 9,600 வட்டி மட்டும், ஒரு வருடத்தில் 1,15,200. மிச்சம் பிடித்த 90,000 அங்கேயே போய்விடும், கடன் அப்படியே நிற்கும். வட்டிக்கு வாங்கி செட்டில் செய்வதாக இருந்தால் செட்டில்மென்ட்டே வேண்டாம். பொம்மசந்திராவில் வேலை கிடைத்ததும், லோனை மொத்தமாகத் திரும்பக் கேட்கும் ரீகால் நோட்டீஸ் வரவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு, சீட்டுப் பணத்தில் நிலுவை முழுவதையும் தீர்த்தேன். தவணை மறுபடி பழையபடி ஓடுகிறது, "செட்டில்டு" இல்லை. பைனான்ஸ் கம்பெனிக் கடனில் மூன்றாவது வழி: அவர்கள் கேட்டது 2,11,000, அதில் 33,000 கட்டணமும் அபராதமும். அசலும் வட்டியும் முழுதாகக் கட்டுகிறேன், கட்டணத்தை மட்டும் தள்ளுபடி செய்து, கணக்கை "குளோஸ்டு" என்று பதியுங்கள் என்று கேட்டேன். 1,78,000-க்கு ஒப்புக்கொண்டார்கள். அசலைக் குறைக்கச் சொல்வதை விடக் கட்டணத்தைக் குறைக்கச் சொல்வது எளிது. இந்த வழி இருக்கிறது என்று எந்த ஏஜென்ட்டும் தானாகச் சொல்ல மாட்டார்.

ஆகவே மொத்தத் தொகை சொந்தமாகக் கையில் இருந்து, கேட்கும் தொகை அசலைத் தாண்டி வீங்கியிருந்து, அடுத்த சில வருடங்களில் வீட்டுக் கடன் எண்ணம் இல்லையென்றால் செட்டில்மென்ட் நியாயமானது. ஊரில் வீடு கட்டும் யோசனை இருந்தால் நூறு முறை யோசியுங்கள். பழைய செட்டில்டு கணக்கில் தள்ளுபடி செய்த தொகையைக் கட்டி, பாக்கி இல்லை என்ற என்ஓசி கடிதம் கொண்டு வா என்று வீட்டுக் கடன் கொடுப்பவர்கள் கேட்பது வழக்கம்.

நடுவில், "நாங்கள் பேசி பாதியாகக் குறைத்துத் தருகிறோம்" என்னும் செட்டில்மென்ட் கம்பெனிகள் வரும். சேர்க்கைக் கட்டணம், மாதச் சந்தா, முடிந்த பிறகு ஒரு சதவீதம். எல்லாத் தவணையையும் நிறுத்தச் சொல்வார்கள், நன்றாக ஓடும் கடனையும் சேர்த்து. ஆர்பிஐ இவர்களுக்கு உரிமம் எதுவும் தருவதில்லை. இவர்கள் அனுப்பும் மெயிலை நீங்களே அனுப்ப முடியும். அந்தச் சந்தாவைச் சேர்த்து வைத்தாலே செட்டில்மென்ட் தொகையில் ஒரு பங்கு ஆகிவிடும்.

பேரம் பேசும்போது நீங்கள் முதலில் தொகை சொல்ல வேண்டாம். காலாண்டு முடிவிலும் மார்ச்சிலும் இறங்கி வருவார்கள், "இன்னைக்கு சாயங்காலத்தோட ஆஃபர் முடியுது" என்பதை நம்பாதீர்கள், அடுத்த மாதமும் அதே ஆஃபர் வரும். ஒரு விதி மட்டும் எதற்காகவும் தளர்த்தாதீர்கள்: கடிதம் கைக்கு வந்த பிறகுதான் பணம். கடிதம் வங்கியின் லெட்டர்ஹெட்டில், வங்கியின் சொந்த மெயிலிலிருந்து வர வேண்டும். கடன் எண், மொத்த நிலுவை, செட்டில்மென்ட் தொகை, கட்ட வேண்டிய தேதி, மீதியைத் தள்ளுபடி செய்கிறோம் என்ற வரி, நடக்கும் வழக்குகளைத் திரும்பப் பெறுவோம் என்ற வரி, நோ டியூஸ் சர்டிபிகேட் (பாக்கி இல்லை என்ற சான்று) எத்தனை நாளில் வரும், சிபிலில் என்னவென்று பதிவார்கள், இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். ஏஜென்ட்களே தயாரித்த போலிக் கடிதங்கள் உலவுகின்றன. கடிதத்தைக் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்பி, "இது உங்களுடையதா" என்று எழுத்தில் உறுதி வாங்குங்கள். பணத்தைக் கடன் கணக்குக்கு நேராகவே செலுத்துங்கள். ஏஜென்ட்டின் சொந்த யுபிஐக்கோ கையில் ரொக்கமாகவோ வேண்டாம். கடன் வேறு கம்பெனிக்கு விற்கப்பட்டிருந்தால், விற்றதற்கான கடிதத்தைப் பழைய வங்கியிடமே கேட்டு வாங்கிய பிறகு கட்டுங்கள்.

இரண்டு மூன்று தவணையில் செட்டில் செய்வது கவர்ச்சியாக இருக்கும், ஆனால் ஒரு தவணை ஒரு நாள் தவறினாலும் ஒப்பந்தம் ரத்து, கட்டியது பழைய பாக்கியில் வரவாகும். உறுதியான பணம் இல்லாமல் அதில் இறங்காதீர்கள், அதற்காக வரப்போகும் தேதி போட்ட செக்கும் கொடுக்காதீர்கள், அந்த செக் புதிதாக ஒரு 138 வழக்குக்கு விதை.

கட்டியதோடு வேலை முடியாது. நோ டியூஸ் சர்டிபிகேட், முன்பு கொடுத்த செக்குகள், நாச் ரத்து, வழக்கு இருந்தால் அது முடிந்த நீதிமன்ற உத்தரவு, நான்கையும் துரத்தி வாங்க வேண்டும். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் நான்கும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமாகத் தர வேண்டும், நான்கையும் பாருங்கள். எனக்கு மூன்றில் சரியாக இருந்து ஒன்றில் மட்டும் பாக்கித் தொகை அப்படியே நின்றது. திருத்தக் கேட்டு 30 நாளில் சரி செய்யாவிட்டால், அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. அந்த விதியைக் குறிப்பிட்டே எழுதுங்கள். செட்டில் செய்த இடத்தில் குறைந்தது 12 மாதம் புதுக் கடன் கிடைக்காது, விண்ணப்பித்து மறுப்பு வாங்க வேண்டாம்.

செட்டில்மென்ட் கடிதம், பணம் கட்டிய ரசீது, நோ டியூஸ் சர்டிபிகேட் மூன்றையும் ஸ்கேன் செய்து மெயிலில் வையுங்கள், காகிதத்தையும் வீட்டில் வையுங்கள். முடிந்துபோன கணக்குகளும் சில சமயம் பட்டியலோடு வேறு கம்பெனிக்குக் கைமாறிப் போகின்றன. வருடங்கள் கழித்து ஒரு புதுக் குரல் அழைத்து அதே கடனைக் கேட்டால், போனில் விளக்கம் சொல்லிக் கொண்டிருக்காமல் அவர்களுடைய மெயில் முகவரியைக் கேட்டு வாங்கி, மூன்றையும் அனுப்பி, பழைய வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் ஒரு நகல் போடுங்கள்.